மூடா ஆற்றின் மெர்டேக்கா பாலம்



இரண்டு அண்டை மாநிலங்களை இணைக்கும் ஒரு பழைய பாலத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறைப் பகுதியையும் கெடா மாநிலத்தையும் இணைப்பது அந்தப் பாலம். மூடா ஆற்றின் குறுக்கே, பும்போங் லீமாவுக்கு வடக்கே, முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் அது அமைந்திருக்கிறது. பெயர் மெர்டேக்கா பாலம். ஒரு காலத்தில் அதைக் கடந்தவர்கள் கட்டணம் செலுத்திவிட்டுத்தான் கடந்தார்கள். நாட்டின் முதல் கட்டணப் பாலம் என்று அதனைக் குறிப்பிடுவார்கள்.

தெலுக் இந்தானில் இருப்பவர்களுக்குக் கெடா எல்லைப் பாலத்தில் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். அக்கறையை உண்டாக்கியவன் எங்கள் தோட்டப் பள்ளி மாணவன் ஒருவன்.

எங்கள் மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாகக் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றோம். பேருந்து பெர்தாமில் விரைவுச்சாலையை விட்டு இறங்கி, பழைய சாலையில் மூடா ஆற்றைக் கடந்தது. "இந்த ஆறுதான் எல்லை. இக்கரை பினாங்கு, அக்கரை கெடா" என்று சொன்னோம். பிள்ளைகள் எல்லாரும் சன்னல் பக்கம் ஓடி வந்தார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தண்ணீரையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயா, கோடு எங்கே?" என்று கேட்டான். வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் கோடு பார்த்துப் பழகிய பிள்ளை அல்லவா! எல்லாரும் சிரித்தோம். அப்போது பேருந்து ஓட்டுநர், "இந்தப் பாலத்தில் முன்பு டோல் இருந்ததாம் தம்பி, எங்கள் அப்பா சொல்வார்" என்றார். உடனே அந்தப் பையன், "அப்படியானால் இப்போது ஏன் இல்லை?" என்றான்.

அன்று நாங்கள் சொன்ன பதில் அரைகுறையானது. அதைக் கொஞ்சம் முழுமையாகச் சொல்லிப் பார்ப்பதே இந்தப் பேச்சு.

முதலில் ஆற்றைப் பார்ப்போம். மூடா ஆறு கெடாவின் உள்நாட்டு மலைகளில் தோன்றி, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடி, கோலா மூடாவில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அதன் கீழ்ப்பகுதிதான் இரண்டு மாநிலங்களுக்கும் எல்லை. ஆனால் அது என்றைக்குமே எல்லையாக இருந்த ஆறு அன்று. மூடா ஆற்றங்கரையில் உள்ள சுங்கை மாஸிலும், அதற்கு வடக்கே மெர்போக் ஆற்றை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கிலும் பழங்கால வணிகக் குடியிருப்புகளின் சின்னங்கள் கிடைத்திருக்கின்றன. தமிழர்கள் கடாரம் என்று அறிந்திருந்த நாடு இதுதான். முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டு வாக்கில் இந்தப் பக்கம் வந்தது. அக்காலத்தில் இந்த ஆறு நாடுகளைப் பிரிக்கும் கோடாக இல்லை. உள்நாட்டுப் பொருள்களைக் கடலுக்குக் கொண்டுவரும் வழியாகத்தான் இருந்தது.

ஆறு எப்போது கோடானது? 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றினார். 1800-இல் தீவுக்கு எதிர்க்கரை நிலத்தையும் கம்பெனி கெடா சுல்தானிடமிருந்து ஒப்பந்தம் செய்து பெற்றுக்கொண்டது. தீவுக்கும் அந்நிலத்துக்குமாக ஆண்டுக்கு 10,000 ஸ்பானிய வெள்ளி தருவதாக ஏற்பாடு. அந்த நிலத்துக்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயரிட்டார்கள். இன்று நாம் செபராங் பிறை என்கிறோம். அதன் வடக்கு எல்லையாக மூடா ஆறு குறிக்கப்பட்டது. கோடு இப்படித்தான் பிறந்தது.

அந்தக் கோட்டுக்கு எவ்வளவு வலிமை என்பது 1821-இல் தெரிந்தது. சயாமியப் படை கெடாவைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மக்கள் இந்த ஆற்றைத் தாண்டி வெல்லெஸ்லி மாகாணத்துக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். வடகரையில் சயாமின் மேலாட்சி, தென்கரையில் ஆங்கிலக் கொடி. 1909-இல் பாங்காக் ஒப்பந்தத்தின்படி கெடா ஆங்கிலேயரின் பாதுகாப்புக்குள் வந்தது. ஆயினும் இரு கரைகளும் ஒன்றாகிவிடவில்லை. தென்கரை நீரிணைக் குடியேற்ற நாடுகளில் ஒன்று. வடகரை கூட்டரசில் சேராத மலாய் மாநிலம். நிருவாகம் வேறு, சட்டம் வேறு.

பிறகு போர் வந்தது. 1941 டிசம்பரில் ஜித்ராவிலும் குருணிலும் தோற்ற பிரிட்டிஷ் தரப்பின் 11-ஆவது இந்தியப் பிரிவு மூடா ஆற்றுக்குத் தெற்கே பின்வாங்கியது. பின்வாங்கிய படை வழிநெடுகப் பாலங்களைத் தகர்த்துக்கொண்டே போயிற்று. 1943-இல் ஜப்பான் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கையும் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. 1945 வரை மூடா ஆறு மீண்டும் வேறு வேறு ஆட்சிகளுக்கு இடையிலான எல்லையாகிவிட்டது. அக்கரையில் அண்ணன், இக்கரையில் தம்பி என்று இருந்த குடும்பங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1948-இல் மலாயாக் கூட்டரசு அமைந்தபோது பினாங்கும் கெடாவும் ஒரே அரசமைப்பின் கீழ் உறுப்பு மாநிலங்களாயின. 1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றது. அதே 1957-இல் திறக்கப்பட்டதுதான் மூடா ஆற்றின் இந்தப் பாலம். மெர்டேக்கா என்றால் விடுதலை. விடுதலைக்குத் தலைமை தாங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் கெடாவின் மைந்தர். 1955-இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் அவர் நின்று வென்ற தொகுதியின் பெயரே சுங்கை மூடா என்பது பலர் மறந்துவிட்ட செய்தி.

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மெர்டேக்கா பாலம் என்ற பெயரில் சிங்கப்பூரிலும் ஒரு பாலம் உண்டு. அது 1956-இல் திறக்கப்பட்டது. இரு முனைகளிலும் கற்சிங்கங்கள் காவலிருந்த பாலம். அதனையும் மூடா ஆற்றுப் பாலத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டு பாலங்களுக்கு ஒரே பெயர் வந்ததற்குக் காரணம், அந்நாளில் எல்லார் வாயிலும் அந்த ஒரு சொல்லே இருந்தது.

விடுதலை என்று பெயர் வைத்த பாலத்தில் காசு கேட்டார்களா என்று எங்கள் மாணவன் கேட்டதுபோல நீங்களும் கேட்கலாம். கேட்டார்கள். பேச்சில் நாம் டோல் என்கிறோம். ஏட்டுத் தமிழில் சுங்கம். இதன் அடிப்படை மிகவும் எளியது. பாலம் கட்டப் பெரும்பணம் வேண்டும். அதனை நாட்டிலுள்ள எல்லாருடைய வரிப்பணத்திலிருந்தும் எடுக்கலாம். அல்லது கடன் வாங்கிக் கட்டிவிட்டு, பாலத்தைப் பயன்படுத்துகிறவர்களிடம் சிறுகச் சிறுக வாங்கிக் கடனை அடைக்கலாம். பாலத்தையே பார்த்திராத ஒருவர் ஏன் அதற்குப் பணம் தர வேண்டும் என்பது இரண்டாவது வழியின் நியாயம். ஏழையும் செல்வரும் ஒரே கட்டணம் தர வேண்டியிருக்கிறதே என்பது அதன் குறை.

இந்தக் குறையை எங்களுக்கு உணர்த்தியவர் பொருளாதார நூலாசிரியர் அல்லர். எங்கள் மாணவி ஒருத்தியின் பாட்டி.

எங்கள் வட்டாரத்திலும் ஓர் எல்லை ஆறு உண்டு. தெலுக் இந்தானிலிருந்து தெற்கே ஊத்தான் மெலிந்தாங் போனால் பெர்ணாம் ஆறு. இக்கரை பேராக், அக்கரை சிலாங்கூர். இரு மாநிலங்களுக்கும் அந்த ஆறே எல்லை என்று 1825-இலேயே ஒப்பந்தம் எழுதினார்கள். சுற்றுலா முடிந்து திரும்பிய பின், ஆற்றைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். அந்த மாணவி எழுதி வந்ததைப் படித்துவிட்டு, நாங்களே அவள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியைப் பார்த்தோம்.

பாட்டி சிறுமியாக இருந்தபோது அவர்கள் குடும்பம் பெர்ணாமின் அக்கரையில், ஒரு தென்னந்தோப்பில் கூலி வேலை செய்துகொண்டிருந்தது. அந்தத் தோப்பில் பள்ளி இல்லை. தமிழ்ப் பள்ளி இக்கரைத் தோட்டத்தில். ஆற்றைக் கடக்கச் சம்பான் ஒன்றுதான் வழி.

"சம்பான்காரருக்குப் போக வரப் பத்துக் காசு சார். எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்தா இருபது காசு. அப்பா ஒரு ஆளுக்குத்தான் கொடுக்க முடிஞ்சது. அண்ணன் போச்சு. நான் கரையில நின்னு சம்பான் போறத பாத்துக்கிட்டு இருப்பேன்."

பாட்டி இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்தபடியே சொன்னார். பக்கத்தில் அவர் பேத்தி, கையில் வீட்டுப்பாடக் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தாள். "அண்ணன் படிச்சதைச் சாயங்காலம் எனக்குச் சொல்லிக் கொடுக்கும். அதனால பேரு எழுதத் தெரியும் சார்" என்று முடித்தார். சம்பான்காரரையும் நாம் குற்றம் சொல்ல முடியாது. அவரும் துடுப்புப் போட்டுப் பிழைத்த ஏழை. ஆனால் அந்தப் பத்துக் காசுதான் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கும் இன்னொரு பிள்ளையைக் கரைக்கும் அனுப்பியது.

நேயர்களே, ஆற்றைக் கடக்க எந்தக் காலத்திலும் ஒரு விலை இருந்திருக்கிறது. முதலில் படகுக் கூலி, பிறகு பாலச் சுங்கம், அதன்பின் பொது வரி. விலை இல்லாத பாலம் என்று ஒன்று கிடையாது. யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு காலம் கொடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

நம் முன்னோர்களும் இதை அறிந்திருந்தார்கள். 1070-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனுக்குப் போர்களில் பெற்ற பட்டங்கள் பல உண்டு. ஆனால் மக்கள் நினைவில் நின்ற பெயர் "சுங்கம் தவிர்த்த சோழன்" என்பது. வழியில் வைத்து வாங்கிய வரியை நீக்கியதற்காக ஓர் அரசனை நூற்றாண்டுகள் கடந்தும் நினைக்கிறார்கள் என்றால், அந்த வரி எத்தனை பேரை அழுத்தியிருக்க வேண்டும்!

இனி நம் நாட்டில் சுங்கம் வளர்ந்த கதையைச் சுருக்கமாகக் காண்போம். மூடா ஆற்றுப் பாலத்துக்குப் பின், 1966-இல் நமது பேராக்கிலேயே தஞ்சோங் மாலிமுக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே சுங்கச் சாலை திறக்கப்பட்டது. நாட்டின் முதல் சுங்கச் சாலை அது. அப்போது பொதுப்பணித் துறைக்கு அமைச்சராக இருந்தவர் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. 1994-இல் வடக்குத் தெற்கு விரைவுச்சாலை முழுமை பெற்றது.

இவற்றில் மூடா ஆற்றுப் பாலத்திலும் தஞ்சோங் மாலிம் சாலையிலும் இன்று சுங்கம் இல்லை. சாவடிகளைத் தாண்டியே வளர்ந்த தலைமுறை ஒன்று இருந்தது. சாவடி எங்கே இருந்தது என்று கேட்கும் தலைமுறை இன்று வந்திருக்கிறது. சுங்கம் நீங்கிய பாலம் பொதுமக்களின் சொத்தாகிவிடுகிறது. பள்ளி வேனும் காய்கறி லோரியும் ஒரே உரிமையோடு போய் வருகின்றன.

பினாங்குப் பாலத்தின் கதை வேறு. 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் வசூல் தொடர்ந்தது. பெருநிலத்திலிருந்து தீவின் ஆலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அவர்கள் ஒவ்வொரு நாளும் 1 வெள்ளி 40 காசு கட்டி வந்தார்கள். 2019 சனவரி முதல் நாளிலிருந்து மோட்டார் சைக்கிள்களுக்கு அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. மாதம் 25 நாள் வேலை என்றால் 35 வெள்ளி மிச்சம். இது பெரிய தொகையா என்று சிலர் கேட்பார்கள். ஒரு பிள்ளையின் பள்ளி வேன் கட்டணத்தில் அது எத்தனை பங்கு என்று தாயாரைக் கேட்டால் தெரியும்.

வடக்குத் தெற்கு விரைவுச்சாலையில் 2020 பிப்ரவரியில் சுங்கம் 18 விழுக்காடு குறைக்கப்பட்டது. அதே வேளையில், 2038-இல் முடிய வேண்டிய வசூல் உரிமை 2058 வரை நீட்டிக்கப்பட்டது. இன்று கொடுப்பது குறைகிறது; கொடுக்க வேண்டிய காலம் நீள்கிறது. கணக்குப் பாடத்தில் கடனையும் தவணையையும் சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. தவணைத் தொகையை மட்டும் பார்க்காதே, எத்தனை தவணை என்றும் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சுங்கத்துக்கு முடிவே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் ஒரு வழக்கு நடந்தது. யமுனை ஆற்றின் மேல் டில்லியையும் உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவையும் இணைக்கும் பாலச்சாலை 2001-இல் திறக்கப்பட்டது. அதுவும் இரண்டு மாநில எல்லைகளை இணைக்கும் கட்டணப் பாலந்தான். கட்டிய நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 20 விழுக்காடு ஆதாயம் உண்டு என்றும், அதில் குறைவது திட்டச் செலவோடு சேர்ந்துகொள்ளும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள். விளைவு என்ன? மக்கள் கட்டக் கட்டக் கடன் குறையாமல் ஏறிக்கொண்டே போயிற்று. வட்டிக்கடைக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2016 அக்டோபரில் அலகாபாத் உயர்நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

ஆகவே, சுங்கம் என்பதே தீங்கு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கடன் வாங்கிக் கட்டாவிட்டால் சில பாலங்கள் நம் வாழ்நாளில் வந்திருக்கமாட்டா. பாலம் வரும் வரை பாட்டியைப் போன்ற சிறுமிகள் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். ஆனால் சுங்கம் நியாயமானதா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். ஒன்று: எவ்வளவு கடன், எப்போது தீரும் என்று மக்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா? இரண்டு: கொடுக்க முடியாதவனுக்கு வேறு வழி இருக்கிறதா? மூன்று: கடன் தீர்ந்ததும் சாவடி எடுக்கப்படுமா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் தயங்காமல் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் கேட்பது குடிமக்களின் கடமை. பந்திங்கிலிருந்து தைப்பிங் நோக்கி அமைக்கப்பட்ட மேற்குக் கரை விரைவுச்சாலை எங்கள் தெலுக் இந்தான் வட்டாரத்தையும் தொட்டுச் செல்லும் சுங்கச் சாலை. ஆகையால் இந்தக் கேள்விகள் எங்களுக்குத் தொலைதூரத்துக் கேள்விகள் அல்ல.

அன்று பேருந்தில் கேட்ட மாணவனுக்கு இப்போது எங்கள் பதிலைச் சொல்லிவிடுகிறோம். தம்பி, நீ தேடிய கோடு தண்ணீரில் இல்லை. 1800-இல் மனிதர்கள் தாளில் எழுதிய கோடு அது. போரில் அதை ஆழப்படுத்தினார்கள். 1957-இல் அதன்மேல் ஒரு பாலம் போட்டார்கள். பாலத்தின் செலவை உன் தாத்தா காலத்தவர்கள் சாவடியில் நின்று காசு காசாகக் கொடுத்தார்கள். அதனால்தான் நீ ஒன்றும் கொடுக்காமல் கடாரத்தைப் பார்த்து வந்தாய்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் ஆற்றை எப்படிக் கடந்தார்கள், என்ன கொடுத்துக் கடந்தார்கள் என்று முதியவர்களிடம் கேட்டுவர மாணவர்களை அனுப்புங்கள். பாடநூலில் வராத வரலாறு கிடைக்கும். எங்கள் பள்ளியில் அப்படி வந்த குறிப்பேடுகளைச் சேர்த்துத் தைத்து நூலகத்தில் வைத்திருக்கிறோம்.

அந்த மாணவி இப்போதும் நாள்தோறும் சிலாங்கூர்க் கரையிலிருந்து தன் தந்தையின் மோட்டார் சைக்கிளில் பெர்ணாம் பாலத்தைக் கடந்து பேராக்கிலுள்ள எங்கள் பள்ளிக்கு வருகிறாள். யாரும் அவளிடம் பத்துக் காசு கேட்பதில்லை. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பாட்டியையே கையெழுத்துப் போடச் சொல்லி வாங்கி வந்திருந்தாள். எழுத்துகள் கொஞ்சம் நடுங்கியிருந்தன. பிழை ஒன்றும் இல்லை.